மறுபடி சொல்லுங்கள்

“அந்த ஆன்ட்டி என்ன கேட்டாங்கன்னே உனக்குப் புரியலையேம்மா, அப்புறம் ஏன் யெஸ்னு சொன்னே?”

பிரீத்தாவுக்கு அப்போது நான்கு வயது. டெக்ஸாஸில் இர்விங் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடை கவுன்டர் முன்னால், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆங்கிலத்தில் கேட்டாள். ஜெயலீலாவுக்குக் காது சூடாகிவிட்டது. கவுன்டரில் நின்ற பெண் ஏதோ கேட்டிருந்தாள். சொற்களைத் தனித்தனியாக விடாமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஜெயலீலா சிரித்தாள், யெஸ் என்றாள். வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தபோதுதான் வேண்டாத ஒரு மெம்பர்ஷிப்பில் சேர்ந்திருப்பது தெரிந்தது.

“சும்மாதான் மக்ளே” என்று பிள்ளைக்குச் சொல்லி அதோடு விட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு நேரான பதில் தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற ஆறு வருடம் ஆயிற்று.

ஜெயலீலா மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் நான்கு வருடம் ஆங்கிலம் எடுத்தவள். ஐசக்கைக் கட்டிக்கொண்டு டெக்ஸாஸ் வந்த பிறகு கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் கை பரபரத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகும் சர்ச் சபையில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹால் காலியாக இருக்கிறது என்று ஒருநாள் போதகர் சொன்னார். அப்படி ஆரம்பித்த இலவச வகுப்பு அது. வந்தவர்கள் எல்லோரும் சீனர்கள். ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். நகம் வெட்டி வண்ணம் பூசுகிற கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், ஒரு ஹோட்டலில் கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் இறைச்சி வைத்து மடிக்கிறவர், வேலையாட்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர் ஒருவர். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று சபையில் யாரும் கேட்டதில்லை.

அவள் கற்றுக்கொடுக்கும் முறையே தனி. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தாள். ‘தேங்க் யூ’ சொல்லும்போது பல்லுக்கு நடுவே நாக்கு நுனி தெரிய வேண்டும். தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். பெண்கள் வெட்கப்பட்டு வாயைப் பொத்துவார்கள். “நாக்கைக் காட்டுவது மரியாதைக் குறைவில்லை, இங்கே அதுதான் மரியாதை” என்பாள் ஜெயலீலா. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறவர்களுக்கு ஒரு துண்டு டிஷ்யூ. அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘கப்’ என்றும் ‘ஹேட்’ என்றும் சொல்ல வேண்டும். காகிதம் ஆடினால் பாஸ். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது ஹால் முழுக்க வெள்ளைக் காகிதங்கள் ஒன்றாகத் துடிக்கும்.

போர்டின் ஓரத்தில் எப்போதும் மூன்று விதிகள் இருக்கும். ஒன்று, மெதுவாகப் பேசு. இரண்டு, முகத்தைப் பார்த்துப் பேசு. மூன்று, புரியாவிட்டால் வாயடைத்து நிற்காதே. சிரி, யெஸ் சொல்லு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது விதி அவள் சொந்த அனுபவத்தில் கண்டது. வந்த புதிதில் பஸ்ஸிலும் பாங்கிலும் வாயடைத்து நின்று, பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு உண்டாக்கிய விதி. நான்கு வருடத்தில் நாற்பது பேருக்கு மேல் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அந்த நாற்பது பேரில் லியூ ஷியூஃபாங்கும் ஒருவர். ஐம்பத்திரண்டு வயது. பக்கத்து ஊரான கேரல்டனில் ஒரு பெரிய ஆசிய மளிகைக் கடையில் மீன் வெட்டுகிறவர். ஜெயலீலா அவரைப் பார்த்ததே அந்தக் கடையில்தான். குளிரில் உறைந்த மரச்சீனிக் கிழங்கு அங்கே கிடைக்கும், தலையோடு மீனும் கிடைக்கும் என்று ஐசக் வாரா வாரம் காரை அங்கே விடுவான். தலையை எறியாமல், குறுக்காக, குழம்புத் துண்டாக வேண்டும் என்று ஜெயலீலா கையால் அறுத்துக் காட்டியபோது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரப்பர் ஏப்ரனும் ரப்பர் பூட்ஸுமாக நின்றவர் அவளை நிமிர்ந்து பார்த்து, “தலை நல்லது. இங்கே யாரும் கேட்பதில்லை” என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு தலைகளை ஐஸுக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்தார். பிறகு பார்த்தால் ஒரே அபார்ட்மென்டில், மூன்று கட்டிடம் தள்ளி இருக்கிறார். ஜெயலீலா அவரை லியூ அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அக்கா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் சந்தோஷப்பட்டார். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

லியூ அக்கா தனியாக அமெரிக்கா வந்து பதினொரு வருடம். மகள் சீனாவில், ஃபூஜோவில் பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். க்ரீன் கார்டு கிடைத்தும், பேப்பர் விவரம் தெரியாமல், மகளுக்கு மனுப் போடத் தாமதமாகிவிட்டது. இப்போது அவளுக்கு இருபத்தொன்று முடியப்போகிறது. அதற்குள் அம்மா சிட்டிசன் ஆகிவிட்டால் மகள் சீக்கிரம் வந்து சேரலாம். ஆகாவிட்டால் அவள் வேறு ஒரு நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. மகளின் பிறந்தநாள் அக்டோபர் ஒன்பது. சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ ஜூலை கடைசியில் வந்தது.

இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலம் ஜெயலீலா மரச்சீனியை வேகவைத்து வடித்துக்கொண்டிருந்தாள். வெளியே நூற்றிரண்டு டிகிரி. பார்க்கிங்கில் தார் இளகிக் கிடந்தது. கதவைத் தட்டிக்கொண்டு லியூ அக்கா வந்தார். கையில் ஒரு காகிதம்.

“டீச்சர், இது பாஸா, ஃபெயிலா?”

ஜெயலீலா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது இன்டர்வியூவுக்கு வர வேண்டும், ஆங்கிலம் போதவில்லை, தேர்தலில் ஓட்டுப் போட்டதாகச் சொன்னதற்கு விளக்கமும் ஆதாரமும் கொண்டுவர வேண்டும். தேதி, செப்டம்பர் முப்பது.

“ஓட்டுப் போட்டீங்களா அக்கா?”

“ஓட்டா? நான் ஏன் ஓட்டுப் போடுறேன்? நான் சிட்டிசன் இல்ல.”

“ஆபீசர் கேட்டாரா?”

“நிறையக் கேட்டார். வேகமா கேட்டார்.” லியூ அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். “முதல்ல எல்லாம் புரிஞ்சுது. பிறகு புரியல. நான் சிரிச்சேன், யெஸ் சொன்னேன். அவர் பேனாவை வெச்சுட்டு இன்னொண்ணு கேட்டார். யெஸ் சொன்னேன். எப்போன்னு கேட்டிருப்பார்போல. அதுக்கும் யெஸ். அவர் எழுதினார் டீச்சர். அவர் எழுத எழுத நான் இன்னும் சிரிச்சேன்.”

சிட்டிசன் அல்லாதவர் ஓட்டுப் போட்டால் குற்றம். செய்யாத குற்றத்தைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லிக்கொடுத்தவள் யார் என்று இருவருக்கும் தெரியும். லியூ அக்கா அதைச் சொல்லவில்லை. குற்றம்சாட்டும் பார்வைகூட இல்லை. தான் ஏதோ பாடத்தைச் சரியாகப் படிக்காமல் போய்விட்டோம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் ஜெயலீலா.

“இல்ல.”

மரச்சீனியும் மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். லியூ அக்கா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சனிக்கிழமை வகுப்புக்குப் பிறகு, சபையில் இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூன்று காரியம் சொன்னார். ஓட்டர் லிஸ்டில் பெயர் இல்லை என்று கவுன்டி ஆபீஸில் சான்று வாங்க வேண்டும். ஆங்கிலம் தேற வேண்டும். மூன்றாவதாக, இவர் ஏன் எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னார் என்பதை, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் நல்லது. “கட்டாயம் இல்லை. ஆனால் உதவும்” என்றார்.

கவுன்டி சான்று பத்து நாளில் வந்தது. கடிதம் வரவில்லை. ஐசக் நடுவில் நின்றான்.

அவன் லாஸ் காலினாஸில் ஒரு பாங்கின் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தான். க்ரீன் கார்டுக்கு வரிசையில் நின்று பன்னிரண்டு வருடம். வேலையிலிருந்து வந்ததும் முதலில் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவான். ஒருநாள் சாயங்காலமும் அப்படித்தான் ஏறி வந்தான். ஹாலில் லியூ அக்கா தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஜெயலீலா பாதி எழுதிய கடிதம் கிடந்தது. நின்றபடியே படித்தான்.

“இது என்ன லெட்டர், ஜெயா?”

“வக்கீலம்மா கேட்டது. சொன்னேன்ல.”

“கேட்டா எழுதிடுவியா? ‘நான்தான் இவங்களுக்குப் புரியலன்னாலும் யெஸ் சொல்லுன்னு சொல்லிக்கொடுத்தேன்.’ இதுக்குக் கீழ ஒனக்க பேரு, அட்ரஸ், விசா ஸ்டேட்டஸ் எல்லாம். இது எங்க போவும்னு தெரியுமா? இமிக்ரேஷன் ஆபீசுக்கு.”

“உள்ளதத்தான எழுதியிருக்கேன்.”

“உள்ளதுதான். உள்ளதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னு பைபிள்ல எங்க இருக்கு?”

“பத்துக் கட்டளைல, ஒம்பதாவது கற்பனைல இருக்கு.”

“அதுல பொய்ச்சாட்சி சொல்லாதன்னுதான் இருக்கு. வலியப் போய் சாட்சி சொல்லுன்னு இல்ல.”

“நல்லா பேசுங்க. வாயில்லாத மனுஷிக்கு ஒண்ணச் சொல்லிக்குடுத்து, அவங்க போய் குழியில விழுந்து கெடக்காங்க. நான் கரையில நின்னு ஜெபம் பண்ணணுமா?”

“நம்ம க்ரீன் கார்டு ஃபைல் எந்த டேபிள்ல கெடக்குன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஒருத்தன் அதுல ஒரு ரிமார்க் எழுதினா போதும். அவன் எழுதுவானோ மாட்டானோ, எனக்குத் தெரியாது. எனக்கு அந்த ரிஸ்க் வேண்டாம். பிரீத்தா ஸ்கூல், வீடு, ஜாப், எல்லாம் அந்த ஒரு ஃபைல்ல தொங்குது. நோ லெட்டர். அவ்வளவுதான்.”

“அவங்களுக்க பிள்ளை?”

“அவங்க பிள்ளைக்கு நானும் ப்ரே பண்றேன். பாவம்தான். ஆனா நம்ம ஃபேமிலிய வெச்சு ஹெல்ப் பண்ண முடியாது. அவங்க நல்ல லேடிதான், நான் ஒண்ணும் சொல்லல. மீன் தலை ஒதுக்கி வெக்கிறதுக்கெல்லாம் க்ரீன் கார்ட குடுக்க முடியுமா?”

தமிழில் பேசுகிறோம் என்ற தைரியத்தில் இருவரும் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. லியூ அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தார். “தேங்க் யூ, டீச்சர். தேங்க் யூ, சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாக்கு நுனி சரியாகத் தெரிந்தது.

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் ஐசக் சங்கீதம் வாசித்தான். ஜெயலீலா கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். ஆமென் சொல்ல மறந்துவிட்டாள். பிரீத்தாதான் சத்தமாகச் சொன்னாள்.

இரண்டாவது காரியம் ஆங்கிலம். லியூ அக்கா கடை முடிந்து வேனில் வந்து இறங்கியதும், குளித்துவிட்டு ஆறரைக்கு வருவார். கை முழுக்க எலுமிச்சை தேய்த்திருப்பார். அப்படியும் மீன் வாடை மெல்லியதாக இருக்கும். பனிக்கட்டியில் எட்டு மணி நேரம் கிடந்த விரல்கள் பென்சிலைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

பாடத்தை நெட்டுரு போடுவதில் அவருக்குக் கஷ்டமில்லை. சிட்டிசன்ஷிப் பரீட்சையின் நூறு கேள்விக்கும் பதில் சொன்னார். யெஸ் சொல்லும் பழக்கம்தான் போகவில்லை.

“அக்கா, நான் புரியாத கேள்வி கேப்பேன். நீங்க ‘மறுபடி சொல்லுங்க’ன்னு சொல்லணும். ப்ளீஸ் சே அகெய்ன். சரியா?”

“யெஸ்.”

ஜெயலீலா கடினமான சொற்களாகப் போட்டு ஒரு நீளமான கேள்வியை வேகமாகக் கேட்டாள். லியூ அக்காவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

“யெஸ்.”

“நீங்க ஒரு மீனான்னு கேட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். ஜெயலீலா மறுபடி கேட்டாள். மறுபடி யெஸ். ஏழாவது தடவை லியூ அக்கா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்ல வரல டீச்சர். சின்ன வயசுல வாத்தியார்கிட்ட மறுபடி கேட்டா, வெயில்ல நிக்கணும். கடையில முதலாளிகிட்ட மறுபடி கேட்டா, நாளைக்கு வேற ஆள். மறுபடி கேட்டா நான் முட்டாள்னு தெரிஞ்சுபோகும். யெஸ் சொன்னா, தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.”

ஜெயலீலாவுக்கு மிஷன் பள்ளியில் இரண்டாம் தடவை கேட்ட பிள்ளையை பெஞ்சு மேல் ஏற்றியது ஞாபகம் வந்தது. ஏற்றிய டீச்சர்களில் அவளும் உண்டு.

அந்த சனிக்கிழமை வகுப்பில் முதல் வேலையாக மூன்றாவது விதியை அழித்தாள். ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள். புரியாவிட்டால் யெஸ் சொல்லாதீர்கள். ‘புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.”

ஒரு டீச்சர் மன்னிப்புக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. கடைசியில் வேன் டிரைவர் கையைத் தூக்கினார்.

“டீச்சர், ப்ளீஸ் சே அகெய்ன்.”

எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ஜெயலீலா மறுபடி சொன்னாள். தன் குற்றத்தை இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையை விடச் சுலபமாக இருந்தது அவளுக்கு.

பிறகு இருவரும் ஊருக்குள் போய்ப் பழகினார்கள். முதலில் டீச்சர். டயர் கடையில் போய் நின்று, பையன் சொன்னதை ஜெயலீலா மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். மூன்றாம் தடவை கேட்கும்போது அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு காகிதத்தில் டயர் படம் வரைந்து காட்டினான். அடுத்து பாங்கில் லியூ அக்கா. அங்கே சொல்லிவிட்டார். லைப்ரரியில் சொல்லிவிட்டார். ஆனால் மேஜைக்கு அந்தப்பக்கம் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டால், சிரிப்பு தானாக வந்துவிட்டது.

செப்டம்பர் மூன்றாவது வாரம் ஆயிற்று. மழை இல்லை. மரத்தில் இலைகள் காய்ந்து உதிராமல் தொங்கிக்கொண்டிருந்தன.

“ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க” என்றாள் ஜெயலீலா ஐசக்கிடம். “எனக்க இங்கிலீஷ் அவங்களுக்குப் பழகிப்போச்சு. நீங்க ஒங்க மேனேஜர் மாதிரி பேசுங்க. அந்த டல்லாஸ்காரன் மாதிரி.”

“நானா? ஆபீசரா?”

“வீட்ல தெனமும் அந்த வேலைதான பாக்கிறீங்க.”

ஐசக் முறைத்தான். ஆனாலும் சட்டையை உள்ளே சொருகி, மேஜைக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்தான். லியூ அக்கா எதிரே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேனேஜரின் குரல் அவனுக்கு நன்றாகவே வந்தது. பேர், முகவரி, வேலை. பிறகு நிறுத்தாமல், இழுத்து, அந்த ஓட்டுக் கேள்வியைப் போட்டான்.

சிரிப்பு வருவதை ஜெயலீலா பார்த்தாள்.

“யெஸ்.”

“நோ!” ஐசக் மேஜையில் ஓங்கித் தட்டினான். பென்சில் உருண்டு கீழே விழுந்தது. “நோ, நோ! ஒங்க பொண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்காங்க! யெஸ் சொல்லாதீங்க!”

கடைசியில் சொன்னது தமிழில் வந்துவிட்டது. லியூ அக்கா அசையாமல் இருந்தார். சிரிப்பு உதட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஐசக் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். குனிந்து பென்சிலை எடுத்தான். “ஸாரி” என்றான். மறுபடி உட்கார்ந்தான். அதே கேள்வியை, அதே வேகத்தில் கேட்டான்.

லியூ அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

“ஸாரி சார்” என்றார் லியூ அக்கா. “ப்ளீஸ் சே அகெய்ன்.”

ஐசக் கேட்டான்.

“ப்ளீஸ் சே அகெய்ன். ஸ்லோ.”

கேட்டான்.

“நோ. நான் ஓட்டுப் போட்டதில்லை. நான் இன்னும் சிட்டிசன் இல்லை.” ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்து வரை சொன்னார்.

அன்று அரைமணி நேரம் கேட்டான். மறுநாளும் கேட்டான். ஒரு வாரம், வேலை முடிந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே மேலே ஏறினான். இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் மேஜையை விட்டு எழுந்திருக்கும்போது, லியூ அக்கா பக்கத்தில் இருக்கையிலேயே சொன்னான்:

“ஜெயா, அந்த லெட்டர எழுதிக் குடுத்துரு.”

ஜெயலீலா நிமிர்ந்து பார்த்தாள்.

“ரிஸ்க்னு சொன்னீங்க?”

“ரிஸ்க்தான். இப்பவும் பயமாத்தான் இருக்கு. நம்ம க்ரீன் கார்டுக்கு ஏதாவது ஒண்ணு வந்தா, பாத்துக்கலாம். இவங்க முகத்தப் பாத்து ஒரு வாரமா கேள்வி கேட்டுட்டேன். இனிமே லெட்டர் வேண்டாம்னு எனக்குச் சொல்ல வராது.”

ஜெயலீலா அன்றே எழுதி முடித்தாள். ஒரு பக்கம். கீழே கையெழுத்து, முகவரி. கவுன்டி சான்றுக்கு மேலே வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, லியூ அக்கா கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் முப்பது காலையில் ஐசக் அரை நாள் லீவு போட்டான். அவனே காரை ஓட்டினான். லியூ அக்கா பின்னால் உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் இறங்கியதும் ஜெயலீலா அவர் காலரைச் சரிசெய்தாள்.

“பயந்தா பரவாயில்ல அக்கா. பயந்துக்கிட்டே கேளுங்க.”

“யெஸ் டீச்சர்” என்றவர், உடனே தலையை ஆட்டினார். “இது நிஜ யெஸ்.”

இருவரும் காருக்குள் காத்திருந்தார்கள். ஏசி ஓடியும் கண்ணாடி சுட்டது. விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேல் போயின. ஜெயலீலா எண்ண ஆரம்பித்து, பதினேழில் விட்டுவிட்டாள். ஐசக் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

“அந்த லெட்டர முதல்லயே குடுப்பாங்களா, கேட்டாத்தான் குடுப்பாங்களா?”

“தெரியல.”

“நம்ம பேரை டைப் பண்ணிப் பாப்பாங்களோ?”

“தெரியலங்க. ஜெபம் பண்ணுங்க.”

“பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். நடுவுல கேக்கேன்.”

ஒரு மணி நேரம் இருபது நிமிடம் கழித்து லியூ அக்கா வெளியே வந்தார். தலை குனிந்திருந்தது. வெயிலில் மெதுவாக நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஜெயலீலா கதவைத் திறந்து ஓடினாள். செருப்பு ஒன்று காருக்குள்ளேயே கிடந்தது. தார் சுட்டது தெரியவில்லை.

“ஆறு தடவை டீச்சர்” என்றார் லியூ அக்கா. “ஆறு தடவை மறுபடி சொல்லுங்கன்னு கேட்டேன்.”

“அவர் கோவப்பட்டாரா?”

“இல்ல.” அதை அவராலேயே நம்ப முடியவில்லை. “ஆறு தடவையும் சொன்னார்.”

“அப்போ?”

“பாஸ். ரெண்டு மணிக்கு சிட்டிசன் உறுதிமொழி. இன்னைக்கே.” அப்போதும் அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை எதற்கு வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகளின் பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஐசக் அருகில் வந்து நின்றான். கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டான்.

“அந்த லெட்டர்?”

“அவர் கேக்கல சார். ஓட்டுப் பத்தின சான்றைப் பார்த்தார். போன தடவை ஏன் யெஸ்னு கேட்டார். பயந்தேன், புரியலன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

ஐசக் மூச்சை விட்டான். அதை மறைக்க, “தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க” என்று காருக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். கர்த்தர் காப்பாற்றினார் என்று ஜெயலீலா சொன்னாள். அப்படியேதான் கடைசி வரை நம்பினாள்.

ஆபீசர் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தாலும் கொடுக்க லியூ அக்காவிடம் அந்தக் கடிதம் இல்லை.

அன்று காலை உள்ளே போய், பையைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டு, அவர் முதலில் பெண்கள் கழிப்பறைக்குப் போனார். யாரும் இல்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு கடிதத்தை உறையிலிருந்து எடுத்தார். டீச்சரும் சாரும் வீட்டில் பேசிய மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சண்டையில் பாதிச் சொற்கள் டீச்சர் கற்றுக்கொடுத்தவை. லெட்டர். இமிக்ரேஷன் ஆபீஸ். க்ரீன் கார்டு. ஃபைல். ரிஸ்க். ஃபேமிலி. தேநீரைக் குடித்துக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பார்த்திருந்தார். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வேண்டிய தேவை அன்று அவருக்கு இருக்கவில்லை.

வக்கீலம்மா இந்தக் காகிதம் உதவும் என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. மகளின் முகமும் ஞாபகம் வந்தது. டீச்சரின் கையெழுத்தை விரலால் ஒரு தடவை தடவினார்.

பிறகு அதை நான்காகக் கிழித்தார். நான்கை எட்டாக, எட்டைப் பதினாறாக. கையெழுத்து இருந்த துண்டை மட்டும் இன்னும் பொடியாகக் கிழித்தார். எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு, கடைசித் துண்டு சுழன்று கீழே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

கவுன்டி சான்றை உறைக்குள் நேராக வைத்து மூடிக்கொண்டு, தன் பெயரைக் கூப்பிடும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.